நீலப் பென்சிலும் நாற்பது குறட்டையும்

தூக்கம் வராதவர்கள் எல்லாரும் ஞாயிற்றுக்கிழமை காலையில் தூங்குவதற்காக வரிசையில் நின்றார்கள். சீக்கிரம் வந்தால்தான் இடம். தூக்கம் வராதவர்களுக்குச் சீக்கிரம் வருவதா கஷ்டம்?

துணிக்கடைக்கு மேலே இரண்டாவது மாடியில் கூடம். வாசலில் ஆளுயரப் படம். அதில் துயில் ஞானி கன்னத்துக்குக் கை கொடுத்துப் படுத்திருந்தார். கீழே கொட்டை எழுத்தில், "வட்டம் போடு! கொட்டாவி விடு! வாழ்க்கையை வெல்!" கொட்டாவி விட்டு வாழ்க்கையை வென்றவர் யார் என்று ஒருவரும் கேட்கவில்லை.

ஞானியின் முறை எளிது. மூச்சைக் கவனித்தபடி தாளில் வட்டத்துக்குள் வட்டமாக வரைந்துகொண்டே போக வேண்டும். மனம் அடங்கும், தூக்கம் தேடி வரும். ஒரே ஒரு நிபந்தனை: வரைவது நீலப் பென்சிலாக இருக்க வேண்டும். அந்தப் பென்சில் நூறு இரவுகள் ஞானியின் தலையணைக்கு அடியில் கிடந்து, அவருடைய தூக்கத்தை உறிஞ்சி வைத்திருக்கிறது. சாதாரணப் பென்சிலைத் தொட்டாலோ, இருக்கிற தூக்கமும் ஓடிப்போகும்!

வாரத்துக்கு ஆயிரம் பென்சில் விற்றது. அத்தனையும் அடியில் கிடந்தால் மனிதர் படுப்பது கட்டிலிலா, விறகுக் கடையிலா? அதையும் யாரும் கேட்கவில்லை. ஒரு பென்சிலுக்குக் கொடுத்த காசில் ஒரு வகுப்புப் பிள்ளைகளுக்கே பென்சில் வாங்கியிருக்கலாம்.

அந்தக் கூட்டத்தில் ஒரு பஸ் டிரைவர் இருந்தார். எட்டு மணி நேரம் படுத்தாலும் எழுந்திருக்கும்போது மூட்டை சுமந்தவர் மாதிரி இருப்பார். ஒரு நாள் மத்தியானம் சிக்னலில் பச்சை விழுந்தது, மறுபடி சிவப்பும் விழுந்தது, பஸ் நகரவில்லை. பயணிகள் தட்டி எழுப்பினார்கள். அன்று வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார்:

"நின்ன வண்டியில தூங்கினேன், பரவாயில்ல. ஓடுற வண்டியில தூங்கியிருந்தா? ஐம்பது பேரும்மா!"

"டாக்டரைப் பார்ப்போங்க. குறட்டை விடுறப்போ நடுவுல உங்களுக்கு மூச்சே நின்னுடுது. திரும்ப வர்ற வரைக்கும் நான் உசிரைக் கையில பிடிச்சுக்கிட்டுக் கிடக்கிறேன்."

அவர் சம்மதித்திருப்பார். ஆனால் அவருடைய அக்காள் ஞானியின் கூடத்தில் தலைமைத் தொண்டர். தம்பியைக் கையோடு இழுத்துக்கொண்டு போனாள். ஞானி கண்ணை மூடிக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"மூச்சு நிக்கலப்பா. பழைய கவலை வெளியே போக மூச்சு ஒதுங்கி வழி விடுது. டாக்டர்கிட்டப் போனா, போன கவலை எல்லாம் திரும்பி வந்துடும்."

என்ன மரியாதை தெரிந்த மூச்சு, பாருங்கள்!

டிரைவரின் மனைவி பதினொரு வருஷமாகப் பென்சில் ஃபேக்டரியில் தரம் பார்க்கும் வேலை செய்பவள். வீட்டில் கிடந்த நீலப் பென்சிலை எடுத்துச் சீவினாள். நீலத்துக்கு அடியில் மஞ்சள் எட்டிப் பார்த்தது. மூக்கருகே வைத்துப் பார்த்தாள். சிரிப்பு வந்துவிட்டது.

"ஏங்க, இது எங்க ஃபேக்டரிப் பென்சில். மேல நீலம் அடிச்சிருக்காங்க. பெத்த பிள்ளைக்குப் பெயிண்ட் அடிச்சா அம்மாவுக்குத் தெரியாதா?"

டிரைவர் யோசித்தார். "இருக்கலாம். ஆனா அங்க உட்கார்ந்து வரையுறப்போ மனசு லேசாகுதே. அது பொய் இல்லையே!"

"பொய்ன்னு யாரு சொன்னா? லேசாகுறது பென்சிலாலயா, வரையுறதாலயான்னு மட்டும் பார்த்துடுவோம்."

ஃபேக்டரியில் கழித்துப்போட்ட பென்சில்களை மேற்பார்வையாளரிடம் கேட்டு வாங்கினாள். கரிக்குச்சி நடுவில் இல்லாமல் ஓரம் ஒதுங்கிய பென்சில்கள். அடிக்கட்டை வரைக்கும் நீலத்தில் முக்கி, ஜன்னலோரம் காயவைத்தாள். எந்தத் தலையணையையும் கண்ணால்கூடப் பார்க்காத பென்சில்கள்!

அடுத்த ஞாயிறு அவளும் கூடத்துக்குப் போனாள். நாத்தனாருக்கு வாயெல்லாம் பல்.

"வா வா! உனக்கும் இப்பத்தான் புத்தி வந்துச்சா?"

"வந்துடுச்சு அக்கா. பென்சில் சீவுற வேலை இருந்தா குடுங்க."

பின்னறையில் ஞானியின் பென்சில்கள் அவள் பைக்குள் போயின. கழித்த பென்சில்கள் தட்டில் ஏறின.

வாசலில் போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள். திரையை இழுத்து மூடினார்கள். பாய் விரித்தார்கள். ஒரு மணி நேரம் யாரும் யாரையும் கூப்பிடக் கூடாது, பேசக் கூடாது. ஆறு நாள் ஓடி அலுத்த உடம்பு. இதில் தூங்காவிட்டால்தான் அதிசயம்! வட்டங்கள் பெருகின. முதல் குறட்டையை ஒரு வங்கி மேலாளர் தொடங்கி வைத்தார். அரை மணியில் நாற்பது பேரும் சேர்ந்துகொண்டார்கள்.

ஞானி மைக்கைக் கையில் எடுத்தார். "பார்த்தீங்களா? இன்னைக்குப் பென்சில்ல அதிர்வு ரெண்டு மடங்கு. எனக்கு இங்கயே உள்ளங்கை கூசுது!"

டிரைவரின் மனைவி எழுந்து திரையை விலக்கினாள். வெயில் வந்து முகங்களில் விழுந்தது.

"யாரும்மா அது, நல்லா தூங்குறப்போ!" என்று வங்கி மேலாளர் சிடுசிடுத்தார்.

"நல்லாத் தூங்கினீங்க இல்ல? உங்க கையில இருக்கிறது எங்க ஃபேக்டரியில வேண்டாம்னு தூக்கிப்போட்டது. நீலம் நான்தான் அடிச்சேன். ஐயாவோட பென்சில் இதோ, பைக்குள்ள இருக்கு."

கூடம் சலசலத்தது. ஞானி அசரவில்லை. "நான் இருக்கிற கூடம்மா இது. என்னோட அதிர்வு காத்து வழியாவே உன் பென்சிலுக்குள்ள இறங்கிடுச்சு."

"அப்ப எதுக்கு விக்கிறீங்க? காத்து சும்மாதானே வருது?"

நாத்தனாருக்கு ரத்தம் கொதித்தது. "யாரைப் பார்த்து என்ன பேசுற! ரெண்டையும் கலந்து வை. கண்ணை மூடிக்கிட்டே எங்க ஞானி தன்னோடதை எடுத்துக் காட்டுவார்!"

பக்தையின் வாயிலிருந்தே வந்துவிட்டது சோதனை. ஞானிக்கு அவசரமாகத் தியான நேரம் வந்தது. நாத்தனார் விடவில்லை. "எடுங்க ஐயா, இவ வாயை அடைங்க!" என்று தானே அவர் கண்ணைத் துணியால் கட்டினாள். சீவாத பென்சில்கள் அதில் ஐந்து, இதில் ஐந்து. ஞானி தடவித் தடவி ஐந்தை எடுத்தார்.

"கழிச்சதுல கரி ஓரமா இருக்கும், சுரண்டிப் பாருங்க" என்று டிரைவரின் மனைவி சொல்ல, அக்காளே பிளேடை வாங்கி அடிக்கட்டையைச் சுரண்டினாள். கரி ஓரத்தில் இருந்தது. அடுத்ததிலும் ஓரம். ஐந்தில் நான்கு கழித்துப்போட்டவை! பிளேடைக் கீழே வைத்தாள். ஞானியைப் பார்க்கவில்லை. தம்பியைப் பார்த்தாள். அவர் மட்டும் இன்னும் தூங்கிக்கொண்டிருந்தார். குறட்டை அறுந்தது. மார்பு அசையவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று... பெரிய விக்கலோடு மூச்சு திரும்பியது.

"இதைத்தானா நீ தினமும் பார்க்குற?" என்றாள் தம்பி மனைவியிடம். "கிளம்பு. டாக்டர் எங்க இருக்கார்?"

ஞாயிற்றுக்கிழமை என்பதால் மறுநாள்தான் டாக்டர் கிடைத்தார். தூக்கத்தில் தொண்டை அடைத்துக்கொள்கிறது என்று கண்டுபிடித்து, படுக்கும்போது முகத்தில் மாட்டிக்கொள்ள ஒரு காற்றுக் கருவி கொடுத்தார். உடம்பு தேறும்வரை வண்டி ஓட்டக் கூடாது என்றார். இரண்டு மாதம் பணிமனையில் டிக்கெட் கட்டு அடுக்கிவிட்டு, டிரைவர் மறுபடி ஸ்டியரிங்கைப் பிடித்தார். சாயங்காலங்களில் இப்போதும் வரைகிறார். மனசு இப்போதும் லேசாகிறது. வரைவதற்கும் அமைதியாக உட்கார்வதற்கும் யாரும் அவரிடம் கட்டணம் கேட்பதில்லை.

ஞானி வேறு ஊரில் நீலத் தலையணை உறை விற்கிறாராம். அங்கேயும் வரிசையாம். வங்கி மேலாளர் இரண்டு உறை வரவழைத்திருக்கிறாராம்!

தூக்கம் வராதவர்களைப் பற்றி எனக்குக் கவலையில்லை. அவர்களுக்கு மருத்துவம் இருக்கிறது. கண்ணை அகலத் திறந்துவைத்துக்கொண்டே தூங்குகிறவர்களை யார் எழுப்புவது? அவர்கள் சட்டைப்பையில் கை விட்டிருப்பவனா எழுப்புவான்? நீங்களாக எழுந்தால்தான் உண்டு.