சம்பந்தியின் டப்பாவில் கேளா ஒலி

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்தது, சக்கரத்தைக் கண்டுபிடித்தது. அதற்குப் பிறகு உலகத்தில் உருப்படியாக நடந்த ஒரே காரியம், எங்கள் உணவுப் பரிசோதனைக் கூடத்துக்குக் கேளா ஒலிக் கருவி வந்ததுதான்.

அதற்கு முன் நாங்கள் காட்டுமிராண்டிகள். ஒரு பொடியில் ஈயம் இருக்கிறதா என்று பார்க்க, அதை அமிலத்தில் போட்டு நாள் முழுக்கக் கொதிக்கவைப்போம். புகை வரும், இருமல் வரும், முடிவு மட்டும் வராது. அதற்குள் சரக்கு கடைக்குப் போய், விற்றுப்போய், ஜீரணமும் ஆகியிருக்கும். யாருக்கும் மனவருத்தம் இல்லை.

புதுக் கருவி பாத்திரம் கழுவும் தொட்டி மாதிரி இருந்தது. தண்ணீர் நிரப்பி, பொடியும் நீர்த்த அமிலமும் கலந்த குழாயை அதில் நிறுத்திப் பொத்தானை அழுத்தினால், காதுக்கு எட்டாத ஒலி உள்ளே புகுந்து உலுக்கி எடுக்கும். குமிழிகள் பிறந்து வெடிக்கும். பொடிக்குள் பதுங்கியிருந்த உலோகம் ‘போதும், விடுங்க’ என்று அமிலத்துக்கு ஓடிவந்துவிடும். அப்புறம் அளந்தால் தீர்ந்தது.

இயக்குநர் ரிப்பன் வெட்டி முழங்கினார். கைதட்டினோம். பிறகு தன் மூக்குக்கண்ணாடியைத் தொட்டியில் போட்டு எடுத்தார், பளபளத்தது. கணக்குப் பிரிவு மோதிரத்தைப் போட்டது. ஸ்டோர் கீப்பர் பல்செட்டைக் கழற்றும்போதுதான், அமிலத்தோடு பழகிப் பழகி ‘ஆசிட் அக்கா’ என்று பெயர் வாங்கிய எங்கள் மூத்த வேதியியலாளர் குறுக்கே பாய்ந்தார்.

“வாயை மூடுங்க முதல்ல! இதுல குழந்தைங்க சாப்பாடு டெஸ்ட் பண்ணணும்.”

தொட்டியை அவரே தேய்த்துக் கழுவினார்.

பரிசோதனைக்கு வந்த முதல் மாதிரி, குழந்தை உணவுப் பொடி. டப்பாவோடு வந்தவர் அதைத் தயாரிக்கும் முதலாளி. எங்கள் இயக்குநரின் சம்பந்தி. இருவருக்கும் பொதுச்சொத்தாக ஒரு கைக்குழந்தைப் பேரன். வாசலில் லாரிகள் உறுமிக்கொண்டிருந்தன.

“சர்டிஃபிகேட் கிடைச்சா கிளப்பிடலாம் சம்பந்தி.”

“டீயைக் குடிங்க, வந்துடும்.”

வந்தது. அதுதான் வினை. பழைய முறையில் எந்த முதலாளியும் டீ குடித்து முடிப்பதற்குள் முடிவு வந்து எதிரே நின்றதில்லை.

“சார், ஈயம். இருக்கலாம்னு சொல்ற அளவுக்கு ரொம்ப மேல,” என்றார் அக்கா. நான் பின்னால் நின்றேன். “திரும்பத் திரும்பப் பாத்துட்டேன். வெறும் அமிலத்தைத் தனியா ஓட்டியும் பாத்தேன், அது சுத்தம்.”

கல்யாணத்தில் ஒரு குண்டூசிகூட ஈயாத சம்பந்தி, டப்பா டப்பாவாக ஈயம் ஈந்திருந்தார்!

“மிஷின் புதுசு, ஏதோ உளறுது,” என்றார் சம்பந்தி.

“உளறல் இல்லை, மிரட்டல்!” என்றார் இயக்குநர். “அந்த ஈயம் தானா வரலையே? உலுக்கி வாங்கினதுதானே? அடிச்சு வாங்கின வாக்குமூலம் எங்கேயாவது செல்லுமா?”

உடனே ‘அவசர உயர்மட்டக் கூட்டம்’ நடந்தது. கருவியை மூக்குக்கண்ணாடிச் சேவைக்கு மாற்றுவது. பொடியைப் ‘பாரம்பரிய’ முறையில் மறுபரிசோதனை செய்வது. அதுவரை தற்காலிகச் சான்றிதழ் வழங்குவது. தீர்மானத்தை என் அழகான கையெழுத்தில் எழுதினேன்.

“சார், கொதிக்கவைக்கிற அடுப்பு ரிப்பேர்ல இருக்கே,” என்றார் ஸ்டோர் கீப்பர்.

“ரொம்ப நல்லது. நிதானமா சரி பண்ணுங்க.”

“நான் இதுல கையெழுத்துப் போட மாட்டேன் சார்,” என்றார் அக்கா. “அடுப்பு ரெடியாகிற வரைக்கும் குழந்தைங்க எதைச் சாப்பிடும்?”

“பதட்டப்படாதம்மா. விஞ்ஞானத்துக்குப் பொறுமைதான் அழகு.” இயக்குநரே கையெழுத்துப் போட்டார். லாரிகள் கிளம்பின.

பிறகு அவர் போனை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போனார். எதிர்முனையில் அவர் மகள்.

“ஏம்மா, குட்டிப்பயலுக்குச் சாப்பாடு குடுத்துட்டியா? கலக்கிட்டியா? கொட்டு! டப்பாவோட தூக்கி வெளியே போடு! ஏன்னு கேக்காத, சொன்னதைச் செய்!”

சம்பந்தி பக்கத்தில் போய் நின்று, கலங்கிய குரலில் சொன்னார்: “அப்படியே அந்த ஸ்பூனையும் நல்லா கழுவச் சொல்லுங்க.”

எங்கள் இயக்குநருக்கு விஞ்ஞானத்தில் நம்பிக்கை இல்லை என்று இனி யாராவது சொன்னால் நான் சும்மா இருக்க மாட்டேன். முழுமனதாக நம்பினார். முடிவு அவர் வீட்டுக்குப் போனது. பொடி மற்ற எல்லார் வீட்டுக்கும் போனது.