கரண்டு டீ குடிக்கப் போனபோது

கண்ணுகளா, திண்டுக்கல்லில் எத்தனை கம்ப்யூட்டர் இருந்தாலும் அதில் ஒன்றைக்கூட நம்பாத ஒரே மனுஷி எங்கள் ஆபீஸ் டிராமா அக்காதான். அங்கே நான் தோட்டத்து மோட்டாருக்குத் தண்ணீர் மீட்டர் மாட்டுகிற ஃபிட்டர். மற்றவர்கள் எழுதுகிற புரோகிராமைச் சரிபார்ப்பது அக்கா வேலை. ஊரெல்லாம் அதைத் திரையில் படித்துப் பார்ப்பார்கள். அக்காவோ ஆட்களை நிறுத்தி நடிக்க வைப்பார். பாஸ்வேர்டு சோதனைக்காக மேனேஜரையே வெளியே தள்ளிக் கதவைச் சாத்தியவர். தப்புத் தப்பாகச் சொன்னதால் மனுஷன் மத்தியானம் வரை வெயிலில் நின்றார்.

ஒருநாள் கன்னிவாடி பாண்டி அண்ணன் வாடிய கத்தரிச்செடியோடு வந்தார். "தண்ணி போதும்னு உங்க மீட்டரு மோட்டாரை அமத்திருது. பாதி வயலு காஞ்சு கெடக்கு. இப்பிடியே போனா அம்புட்டும் போச்சு!"

புரோகிராம் எழுதிய செல்வின் தம்பி, "கணக்கு சரியாத்தான்க்கா இருக்கு. தண்ணி வர்ற வேகத்தை நேரத்தால பெருக்கி, துண்டு துண்டாக் கூட்டுறோம். அன்னன்னிக்கு வச்ச அளவு வந்ததும் மோட்டார் நிக்கும்" என்றான்.

"அப்ப நடிங்க" என்றார் அக்கா.

செல்வின்தான் புரோகிராம், பலகையில் கூட்டி எழுத வேண்டும். நான் மோட்டார். "டுர்ர்ர்..."

"பாண்டியண்ணே, நீங்க கரண்டு. இஷ்டத்துக்குப் போங்க, வாங்க."

"நம்மூரு கரண்டு மாதிரியா? வாரேன்" என்று அவர் டீக்கடைக்கே போய்விட்டார். நான் வாயை மூடிக்கொண்டேன். மீட்டரும் கரண்டில்தான் ஓடுகிறது என்பதால் செல்வினும் எழுதுவதை நிறுத்தினான். டீ, வடை, அரசியல் எல்லாம் முடித்துக் கரண்டு திரும்பி வந்தது. புரோகிராமில் எழுதியிருந்தபடியே செல்வின், அண்ணன் போய்வந்த நேரம் முழுவதையும் தண்ணீர் வேகத்தால் பெருக்கிக் கூட்டினான். "அளவு வந்திருச்சு, மோட்டாரை நிறுத்துங்க!"

"ஏலே செல்வினு, மோட்டாரு வாயை மூடிக்கிட்டுல்ல நின்னுச்சு? அம்புட்டுத் தண்ணி எங்கிட்டிருந்துலே வந்துச்சு?" என்றார் அக்கா.

செல்வின் பலகையைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். "ஐயோ அக்கா..."

பாண்டி அண்ணன் எகிறினார். "அப்ப நான் டீ குடிச்ச நேரமெல்லாம் என் வயலு தண்ணி குடிச்சதா எழுதியிருக்கியா அப்பு?"

கரண்டு இல்லாத நேரத்தைக் கூட்டாமல் விடும்படி செல்வின் அங்கேயே திருத்தினான். அக்கா விடுவாரா? அண்ணனை இன்னொரு டீக்கு அனுப்பி, மறுபடி நடிக்க வைத்த பிறகுதான் ஒப்புக்கொண்டார். எனக்குத் தொண்டை கட்டிவிட்டது.

அன்று சாயங்காலமே கன்னிவாடிக்குப் போய்த் திருத்தியதை மீட்டரில் ஏற்றினேன். கரண்டு போனது, வந்தது. மோட்டார் விட்ட இடத்திலிருந்து ஓடி, கடைசிப் பாத்தி வரை தண்ணீர் பாய்ந்தது. பாண்டி அண்ணன் மாட்டைப் பிடித்துக் கட்டப் போயிருந்தார். அக்கா வயல் பக்கம் வந்ததே இல்லை. நான் மட்டும் வரப்பில் குனிந்து, காய்ந்த மண் தண்ணீர் குடிக்கிற சத்தத்தைப் போனில் பிடித்து, அக்காவுக்கு அனுப்பினேன்.