என் பிழைப்பை மேடையேற்றிய மச்சினனுக்கு

வலியசாலை, திருவனந்தபுரம்
கொல்லம் 1113, சித்திரை 9

மகாராஜராஜஸ்ரீ நாடகாசிரியர் அழகியநம்பிக்கு, அக்காள் புருஷன் பகவதிப்பெருமாள் ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொண்டது. இங்கே உன் அக்காளும் என் மகள் உலகம்மையும் சௌக்கியம். நான் சௌக்கியமா என்பதைக் கடைசி வரை வாசித்துவிட்டு நீயே முடிவு செய்துகொள்.

உன் படத்தோடு வாரப் பத்திரிகையில் வந்ததை வாசித்தேன். இளமையில் பட்டினி கிடந்தாயாம், உலகத்தில் அடிபட்டாயாம், அந்த அனுபவங்கள்தான் உன்னை இத்தனை பெரிய நாடகாசிரியனாக ஆக்கினவாம். எந்த வீட்டில் பட்டினி கிடந்தாய் அப்பனே? ஆறு வருஷம் என் வீட்டுக் கூடத்தில் படுத்துக்கொண்டு, உன் அக்காள் சுடச்சுடத் தோசை தின்றாய். அடிபட்டது நான். நீ பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக்கொண்டாய்.

உன் முதல் நாடகத்தைப் பார்க்க நாகர்கோவில் வந்தே ஆகவேண்டும் என்று நீ காலைப் பிடித்ததால்தானே, மாமியார் காலமானதாக லீவுக்கு எழுதினேன்? அந்தக் காகிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பத்மநாப சுவாமி கோயிலுக்குப் போனேன், சட்டையைக் கழற்றி வாசலில் பூக்காரியிடம் கொடுத்தேன், திரும்பி வந்து அவள் நீட்டியதை மாட்டிக்கொண்டு ஆபீசுக்குப் போனால் பையில் மூக்குப்பொடி டப்பி இருக்கிறது, எனக்கோ பொடிப் பழக்கம் இல்லை, நிமிர்ந்து பார்த்தால், அதே பூக்காரியிடம் சட்டையைக் கொடுத்துவிட்டுக் கும்பிட வந்திருந்த எங்கள் சூப்ரண்டு என் சட்டையைப் போட்டுக்கொண்டு என் லீவுக் காகிதத்தை வாசிக்கிறார், சரி, துக்கம் விசாரிப்பார் என்று முகத்தைத் தொங்கப் போட்டேன், அந்த நேரம் பார்த்து உன் அம்மை சாப்பாட்டுத் தூக்கோடு உள்ளே வருகிறாள்!

"பிள்ளே, இது ஆராணு?" என்றார் சூப்ரண்டு. நான் வாய் திறக்குமுன் அவளே, "மாமியாராக்கும்" என்றாள். எனக்கு மலைக்காட்டு வித்துராவுக்கு மாற்றல். நீ அதை இரண்டாவது நாடகமாக எழுதி நாற்பது நாள் ஓட்டினாய். வித்துராவில் என்னை அட்டை கடித்ததைக்கூட விடாமல் மூன்றாவதில் சேர்த்தாய்.

போகட்டும். இப்போது உலகம்மையின் கலியாணம். பையனின் போட்டோவைப் பார்த்ததிலிருந்து அவளுக்கு வேறு நினைப்பில்லை. பையனின் அப்பா பூதலிங்கம் பிள்ளை சுசீந்திரத்திலிருந்து பெண் பார்க்க வருவதாக எழுதியிருந்தார். தம்பானூரில் பஸ்ஸைவிட்டுப் பட்டு வேட்டியும் தாம்பூலத் தட்டுமாக நாலு பேர் இறங்கினார்கள். பெண் பார்க்க வந்தவர்களை நடுரோட்டில் நிறுத்தி ஊர் பேர் கேட்பது மரியாதையா? "வாருங்கோ" என்றேன். அவர்களும் மரியாதைக்காரர்கள், ஒன்றும் கேட்காமல் வந்தார்கள். கேசரி தின்று, பெண்ணைப் பிடித்திருக்கிறது என்று சொல்லி, வெற்றிலை மாற்றுகிற சமயம் அடுத்த தெருத் திரவியம் மூச்சிரைக்க ஓடி வருகிறார். வந்திருந்தது அவர் பெண்ணைப் பார்க்க வந்தவர்களாம். அவரும் மரியாதைக்காகக் கேட்காமல் பூதலிங்கம் பிள்ளையைக் கூட்டிப்போய்க் கேசரி கொடுத்திருக்கிறார். "உலகம்மையை வரச் சொல்லும்" என்று பூதலிங்கம் பிள்ளை சொன்னபோதுதான் குட்டு உடைந்ததாம்.

பூதலிங்கம் பிள்ளை கோபித்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டார். மூன்று கடிதம் எழுதிக் கெஞ்சியபின் வருகிற வெள்ளிக்கிழமை மறுபடி வர ஒத்துக்கொண்டிருக்கிறார். இந்த லட்சணத்தில் தம்பானூரில் அவர் இறங்கும் இடத்துக்கு நேரெதிரே உன் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறது: அடுத்த வாரம் முதல் இங்கே, "மாறி வந்த சம்பந்தம்"! இதையும் உன் அக்காள்தான் உனக்கு எழுதியிருப்பாள். நாடகத்தை நிறுத்து நம்பி. என் மானம் உன்னால் ஏற்கெனவே மூன்று தரம் போயாயிற்று, அது பெரிசில்லை. உலகம்மை கண் கலங்கினால் நான் தாங்கமாட்டேன். நிறுத்தாவிட்டால் அந்த அனுபவமெல்லாம் யாருடையது என்று பத்திரிகைக்கு எழுதிவிடுவேன்.

உன் பேனாவையும் என்னையும் ஒருவரிடமிருந்து ஒருவரைப் பத்மநாபன் காக்கட்டும்.

இப்படிக்கு,
அத்தான் பகவதிப்பெருமாள்

பின்குறிப்பு: ஸ்டாம்பு ஒட்ட மறந்து கடிதம் வீட்டிலேயே கிடந்தது நல்லதாயிற்று. இன்று பூதலிங்கம் பிள்ளை வந்தார். உன் நாடகத்தை நாகர்கோவிலிலேயே மூன்று தரம் பார்த்துவிட்டாராம். "சம்பந்தத்துல எங்களுக்குச் சம்மதந்தான்" என்றார். "ஆனா ஒரு குறை உண்டும். நாடகத்துல உமக்கு ஏழு சீன், எனக்கு ஒண்ணே ஒண்ணு. அதிலேயும் கேசரி தின்னுக்கிட்டு இருக்கேன், ஒரு பேச்சு இல்லே. மாப்பிள்ளை வீட்டுக்காரனுக்கு இதா மரியாதை?" உலகம்மை உள்ளே சிரிக்கிற சத்தம் கூடம் வரை கேட்டது. ஆகையால் நாடகத்தை நிறுத்திவிடாதே. முகூர்த்தத்துக்குள் அவருக்கு இரண்டு சீன் கூட்டி, நல்ல பேச்சாகப் போடு. அதற்காக என் ஏழில் ஒரு வரி குறைத்தாயோ, இந்த வீட்டிலிருந்து உனக்கு இனி ஒரு அனுபவமும் கிடையாது.