பதம் தப்பிய மிட்டாயும் ஒற்றைக்கால் அதிகாரியும்

சத்தியம்! தலையில் அடித்துச் சத்தியம்! நான் சொல்லப்போவதில் ஒரு எழுத்து பொய்யென்றாலும் என் மீசை இந்த நிமிஷமே உதிர்ந்து விழட்டும். மீசை எங்கே என்று கேட்காதீர்கள். அது போன வருஷம் வேறொரு கதை சொல்லும்போது விழுந்துவிட்டது. அந்தக் கதையும் முக்கால்வாசி உண்மைதான். இது முழுக்க உண்மை. கேளுங்கள்.

ஒரு காட்டில் பூரணி என்று ஓர் அணில் இருந்தது. ஈட்டிமரத்துப் பொந்தில் மூன்று குட்டிகளோடு குடியிருந்தது. மழைக்காலத்தில் நான்கு வயிறும் காயக்கூடாதே என்று கோடை முழுக்க ஓடியாடி நிலக்கடலை, முந்திரி, வாதுமை எல்லாம் சேர்த்துப் பொந்தை நிரப்பி வைத்திருந்தது.

ஐப்பசி மழைக்குப் பத்து நாள் இருக்கும்போது பொந்து வாசலில் ஒரு தேக்கிலை ஒட்டியிருந்தது. 'உணவுப் பதுக்கல் குற்றம். வரும் வெள்ளிக்கிழமை கொட்டைகள் அனைத்தும் எடுத்துச் செல்லப்படும். குடும்பத்தோடு ஒத்துழைக்கவும். இப்படிக்கு, ஏகபாதம், வழங்கல் அதிகாரி' என்று அதில் அலகால் கொத்தியிருந்தது.

பூரணி இலையைக் கவ்விக்கொண்டு ஓடியது. குளக்கரை அலுவலகத்துக்கு எதிரே, அரசமரத்தடியில், கொப்பேரி என்ற குரங்கு மற்ற மிருகங்களுக்கு மனு எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தது.

"கொப்பேரியண்ணே, மழைக்குன்னு சேத்து வைக்கிறது பதுக்கலா?"

"நீ சேத்தா பதுக்கல். அரண்மனையில சேத்தா கையிருப்பு. இதுகூடத் தெரியாமலா மரம் ஏறி இறங்குற?"

"எடுத்துட்டுப் போயிட்டா எம்புள்ளைங்க மழையில என்னத்தைக் கொறிக்கும்? வழியே இல்லையா?"

"இருக்கு. படிவம் ஏழு. வீட்டுத் தொழிலுக்கு வச்சிருக்கிற சரக்குன்னா எவனும் தொட முடியாது. அந்தக் கொட்டையில எதையாவது செஞ்சு, 'வீட்டில் செய்தது'ன்னு முத்திரை வாங்கிரு."

"முத்திரையை யாரு குத்துவா?"

"யாரு, நம்ம ஏகபாதந்தான்."

பூரணியின் வால் தொங்கிவிட்டது. ஏகபாதம் ஒரு கொக்கு. அதிகாரி என்பதால் இனிமேல் 'அவர்' என்றே சொல்கிறேன், நமக்கெதற்கு வம்பு. மற்றக் கொக்குகள் ஓய்வுக்காக ஒரு காலை மடக்கும். இவர் மடக்கியதற்குக் காரணம் வேறு. காட்டின் முத்திரை அந்தக் காலின் உள்ளங்காலில் இருந்தது. 'இல்லை' என்று சொல்ல வாய் போதும். 'சரி' என்று சொல்ல, மடக்கிய காலைக் கீழே வைக்க வேண்டும். பதினோரு வருஷமாக அவர் வாயாலேயே வேலை பார்த்துவந்தார்.

"சரி, விலாசம் சொல்லு," என்றது கொப்பேரி.

"ஈட்டிமரம், மூணாவது கொப்பு, பொந்து."

"அது வீடு இல்ல. மரம் காட்டுக்குச் சொந்தம். பொந்து மரத்துக்குச் சொந்தம். நீ ஆக்கிரமிப்பு."

"அப்ப கரடி குகை?"

"மலைப் புறம்போக்கு. முயல் வளையும் அப்படித்தான். இந்தக் காட்டுல பொறக்கும்போதே பட்டாவோட பொறந்து, சொந்த வீட்டைச் சுமந்துக்கிட்டுத் திரியிறவர் ஒருத்தர்தான்."

அந்த ஒருத்தர் சாவகாசம் என்ற கிழட்டு ஆமை. ஊருக்குள் ஒரு மிட்டாய்க்கடைக் கிணற்றில் நாற்பது வருஷம் இருந்துவிட்டு, கிணறு வற்றியதும் காட்டுக்கு வந்தது. பூரணி அதன் முன்னால் போய்க் கைகூப்பி நின்றது.

"அண்ணே, உங்க வீட்டுல வச்சு மிட்டாய் பண்ணிக்கட்டுமா? புள்ளைங்க வயித்துப்பாடு."

ஆமை பதிலே சொல்லவில்லை. பூரணிக்குக் கண் கலங்கிவிட்டது.

"அழாதே," என்றது கொப்பேரி. "காலையில யானை இவரைச் சௌக்கியமான்னு கேட்டுட்டுப் போச்சு. அந்தப் பதில் இப்பத்தான் கிளம்பியிருக்கும். உன்னோடது வரிசையில நிக்குது."

சொன்னபடியே சற்று நேரத்தில் ஆமை, "சௌக்கியம்," என்றது. மாலை மயங்கும்போது, "பண்ணிக்க தாயி," என்றது.

வீடு கிடைத்தது. மிட்டாய் செய்யத் தெரிய வேண்டுமே? சுற்றுலா வந்த ஒருவரிடம் பறித்த செல்போன் கொப்பேரியிடம் இருந்தது. மூன்று சதவீதம் சார்ஜ் மிச்சம். தட்டியதும் ஓர் அம்மாள் சிரித்தபடி வந்தார்.

"ஹாய் செல்லங்களா! இன்னிக்கு நம்ம வீட்டுலயே சாக்லேட் போர்த்தின கேரமல் நட்ஸ் மிட்டாய் பண்ணப் போறோம்! அதுக்கு முன்னாடி மறக்காம அந்த மணியை அமுக்கிடுங்க…"

மணியைப் பற்றியே பேசி இரண்டு சதவீதத்தைத் தீர்த்தார். மிச்சத்தில் வேகமாகச் சொன்னார்: கொட்டையை மணக்க மணக்க வறுக்க வேண்டும், சர்க்கரையைத் தண்ணீர் விடாமல் உருக்கி, செம்புக்குடத்தின் நிறம் வந்ததும் வெண்ணெயும் பாலேடும் சேர்க்க வேண்டும், சாக்லேட்டை வெந்நீருக்கு மேலே வைத்து உருக்க வேண்டும், அதில் ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டாலும் திரிந்து மண்ணாகிவிடும்.

"இப்பத்தான் ரொம்ப ரொம்ப முக்கியமான விஷயம். கேரமல் பாகை எந்தப் பதத்துல இறக்கணும்னா…"

செல்போன் கறுத்துவிட்டது. கொப்பேரி அதை உதறிப் பார்த்தது. கடித்துப் பார்த்தது. வெயிலில் காயவைத்துப் பார்த்தது. அம்மாள் வரவில்லை.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் மூன்று கல் கூட்டி அடுப்பு மூட்டின. காட்டெருமை வெண்ணெயும் பாலேடும் கொடுத்தது. சர்க்கரையும் சாக்லேட்டும் சட்டியும் சுற்றுலாக்காரர்கள் பாறையில் 'மறந்துவிட்டுப் போனவை' என்று கொப்பேரி சொன்னது. அவர்கள் மறக்கும்வரை அது பல்லைக் காட்டிக்கொண்டு பக்கத்திலேயே நின்றதாகக் கேள்வி.

பாகு கொதித்தது. பூரணி பதறியது.

"சாவகாசண்ணே! நீங்கதான் மிட்டாய்க்கடைக் கிணத்துல இருந்தவராச்சே. என்ன பதத்துல இறக்கணும்?"

ஆமை கண்ணை மூடித் திறந்தது. அவ்வளவுதான்.

"அவரை நம்பினா அடுப்பே அணைஞ்சிரும்," என்றது கொப்பேரி. "பதம்னா என்ன, கை வலிக்கிறதுதான் பதம். கிண்டு!"

பூரணி கிண்டியது. கை வலித்த பிறகு கொப்பேரி கிண்டியது. அதற்கும் வலித்த பிறகுதான் இறக்கின. கரண்டியை இழுத்தால் சட்டி கூடவே வந்தது. சட்டியை இழுத்தால் அடுப்பு கூடவே வந்தது.

ஆமை ஓட்டில் பதின்மூன்று கட்டங்கள். எல்லாவற்றிலும் வெண்ணெய் தடவி, கட்டத்துக்கு ஒரு பிடி கொட்டை வைத்து, மேலே பாகை ஊற்றியது பூரணி. கடைசிக் கட்டத்துக்கு வரும்போது வெண்ணெய் தீர்ந்துபோய்விட்டது. இருக்கட்டும் என்று சும்மா ஊற்றிவிட்டது. பிறகு கொட்டாங்கச்சியில் உருக்கிய சாக்லேட்டைக் கரண்டி கரண்டியாகப் போர்த்தியது.

"சுடுதாண்ணே?" என்று கேட்டது. பதில் இல்லை. சுடவில்லை போலிருக்கிறது என்று நிம்மதியானது.

நண்பகலில் ஏகபாதம் வந்தார். ஒற்றைக்காலில் தத்தித் தத்தித்தான் வருவார். பின்னாலேயே மூட்டை தூக்க இரண்டு காட்டுப்பன்றிகள், காலிச் சாக்கோடு. மூன்று குட்டிகளும் அந்தச் சாக்கைப் பார்த்துப் பூரணியின் வாலுக்குள் ஒளிந்துகொண்டன. படிவம் ஏழைத் தரையில் விரித்து அவர் குனிந்தார்.

"வீடு அசையும் சொத்தா, அசையாச் சொத்தா?"

"அசையும் சொத்துங்கய்யா," என்றது கொப்பேரி.

"அப்படியா? ஏய் ஆமை, நட பாப்போம்."

ஆமை நடக்கவில்லை. ஏகபாதம் வெகுநேரம் பார்த்தார். மீனுக்காகக் காத்து நின்று பழகியவர், பொறுமைக்குக் குறைவில்லை.

"அசையலை. பொய்த் தகவல். சரி, அதை விடு. 'வீட்டில் செய்தது'ன்னு எழுதியிருக்கே. நீங்க செஞ்சது வீட்டுக்கு மேல. 'வீட்டில்'னா வீட்டுக்குள்ள இருக்கணும்."

கொப்பேரிக்கு ரோஷம் வந்துவிட்டது. "ஐயா, 'மரத்தில் குரங்கு'ன்னு சொல்றோம். நான் என்ன மரத்தைத் தொளச்சு உள்ளயா உக்காந்திருக்கேன்? 'குளத்தில் கொக்கு'ங்கிறோம். நீங்க என்ன முழுகியா நிக்கிறீங்க?"

பன்றிகள் உறுமிச் சிரித்துவிட்டன. ஏகபாதத்தின் கழுத்து மேலே எழும்பியது.

"எனக்கே இலக்கணமா? பாகு நல்லாருந்தாலும் சரி, நாசமாப் போனாலும் சரி, இதுக்கு நான் சொல்லப்போறது ஒரே ஒரு வார்த்தை."

அந்த வார்த்தையைச் சொல்ல அலகைத் திறந்தார். பூரணி கண்ணை மூடிக்கொண்டது.

"ஐயா," என்றது கொப்பேரி அவசரமாக, "கடைசி வரியைப் படிச்சிடுங்க. 'உணவுப் பொருளாயின் சுவைத்த பின்னரே மறுக்க வேண்டும்.'"

ஏகபாதத்துக்கும் ரொம்ப நேரமாக அந்த வாசனை மூக்கை இழுத்துக்கொண்டிருந்தது. "விதின்னா விதிதான்," என்று சலித்துக்கொள்வதுபோல் காட்டி, இருப்பதில் பெரியதாகப் பார்த்துக் கொத்தினார். அது கடைசிக் கட்டத்து மிட்டாய், வெண்ணெய் தடவாதது.

முதலில் சாக்லேட் உருகியது. ஏகபாதத்தின் கண் சொருகியது. அடுத்துக் கொட்டை முறிந்தது. அதற்கடுத்துப் பாகு வந்தது. அலகு மூடியது. மூடியது மூடியதுதான். மிட்டாய் அலகை விடவில்லை. ஓடு மிட்டாயை விடவில்லை.

"ம்ம்ம்!" என்றார் ஏகபாதம்.

"ம்னு சொல்லிட்டாரு!" என்று கத்தியது கொப்பேரி. "ம்னா சரின்னு அர்த்தம்!"

"ம்ம்! ம்ம்!"

"ரெண்டு தரம் சொல்றாரு!"

"முத்திரை விழலையே," என்றது பெரிய பன்றி, சாக்கை உதறியபடி. "எங்களுக்கு முத்திரைதான் கணக்கு." பொந்தை நோக்கி நடக்கத் தொடங்கியது.

பூரணிக்கு உயிர் போய் உயிர் வந்தது. வரவில்லை, போனதோடு சரி.

அந்த நேரத்தில்தான் 'நட பாப்போம்' என்று ஏகபாதம் சொன்னது சாவகாசத்தின் காலுக்குப் போய்ச் சேர்ந்தது. வரிசையெல்லாம் வாய்க்குத்தான், காலுக்கு இல்லை. ஆமை நடந்தது. அலகு ஒட்டியிருந்த ஏகபாதம் கூடவே இழுபட்டார். ஒற்றைக்காலில் எவ்வளவு தூரம்தான் தத்துவது? தடுமாறினார். பதினோரு வருஷமாகக் கீழே வைக்காத காலைக் கீழே வைத்தார்.

படிவம் ஏழின் நடுநெற்றியில் வைத்தார்.

மூன்று விரலும் பளிச்சென்று பதிந்தன. பெரிய பன்றி திரும்பி வந்து முகர்ந்து பார்த்தது. "செல்லும்," என்று சாக்கைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போய்விட்டது. பூரணி படிவத்தின் மேல் குப்புறப் படுத்துக்கொண்டு அழுதது. குட்டிகள் ஒரு முந்திரியை உடைத்து மூன்றாகப் பங்கு போட்டுக்கொண்டன.

அப்போது ஆமை நின்று, நிதானமாகத் திரும்பி, "உருண்டைப் பதம் தாயி," என்றது. "தண்ணியில ஒரு சொட்டு விட்டா மெத்துனு உருளணும். அதுக்கு மேல விட்டுறாதே. வாய் ஒட்டிக்கும்."

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். ஆனால் ஆமையை யாரும் 'நில்' என்று சொல்லவில்லையே. அது மறுபடியும் நடந்தது. மூன்று நாள் காடு முழுக்க நடந்தது. ஏகபாதமும் நடந்தார். அடிக்கு ஒரு முத்திரை. செய்தி பரவியதும் மிருகங்களெல்லாம் பதினோரு வருஷத்துப் படிவங்களைத் தூசி தட்டிக்கொண்டு வந்து ஆமை போகும் வழியில் விரித்தன. கரடிக்குக் குகைப் பட்டா கிடைத்தது. கழுதைப்புலிக்கு நன்னடத்தைச் சான்றிதழ் கிடைத்தது. அதையும் பார்த்தேன், இதே கண்ணால். குறுக்கே கிடந்த ஒரு பாறாங்கல்கூட வீட்டுத் தொழிலாகப் பதிவாகி, இன்றுவரை நன்றாகத்தான் நடக்கிறது.

நான்காம் நாள் மழை பிடித்தது. பாகு கரைந்தது. அலகு திறந்தது. காடே நடுங்கிப்போய், கையில் படிவத்தோடு நின்றது. எல்லாவற்றையும் சேர்த்து ஒரே 'இல்லை' சொல்லப்போகிறார் என்று நினைத்தது.

ஏகபாதம் அலகை நன்றாக நக்கிக்கொண்டு, "இன்னொண்ணு இருக்கா?" என்றார்.

ஆமை, "சுடுது," என்றது.

இதைப் பார்த்து மறுமாதம் முயல் மிட்டாய் செய்தது. ஆமையிடம் முன்கூட்டியே கேட்டு, ஒரு வாரம் காத்திருந்து, சரியான உருண்டைப் பதத்தில் இறக்கியது. வாயில் போட்டதும் கரைந்தது. ஏகபாதம் ஆறு தின்றார். அமிர்தம் என்றார். அலகு சுலபமாகத் திறந்தது. "இல்லை" என்றார்.

அதனால்தான் பூரணி இன்றும் கை வலிக்கும்வரை கிண்டுகிறது.

நீதி: அனுமதி கேட்டுப் போகிறவர்கள் இனிப்பு கொண்டுபோனால் போதாது, வாயைத் திறக்க முடியாத பதத்தில் கொண்டுபோக வேண்டும்.

இன்னொரு விஷயம். ஏகபாதம் இன்னும் அதே குளக்கரையில்தான் இருக்கிறார். எனக்கும் அங்கே ஒரு படிவம் நிலுவையில் இருக்கிறது. இந்தக் கதையை யாரிடம் வேண்டுமானாலும் சொல்லுங்கள், சொன்னது யார் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். வற்புறுத்திக் கேட்டால் வாயில் மிட்டாய் இருப்பதுபோல் "ம்" என்று மட்டும் சொல்லுங்கள்.