ஆறாம் மாடியும் அமெரிக்க மானும்

ரங்கூனில், தாமுவேயில், எங்கள் தெருவில் பேய் பிசாசு என்று எதுவும் கிடையாது. இருந்ததெல்லாம் ஆறாம் மாடி ஒருத்தர்தான். அவர் இருந்தவரைக்கும் பேய்க்கு அங்கே வேலை இல்லை.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் இருந்தது, யாரும் கூப்பிட்டதில்லை. லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் ஆறாவது மாடியில் தனியாகக் குடியிருந்தார், அதனால் ஆறாம் மாடி. அலோன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். அவருக்கு நேர் கீழே ஐந்தாம் மாடியில் தையல் மெஷினோடு நான். அவர் தும்மினால் என் ஊசி நூல் விட்டுவிடும்.

அவருடைய ஒரே மகள் ஒரு கரேன் இனத்துப் பையனைக் கட்டிக்கொண்டு அமெரிக்கா போய்ப் பதினோரு வருஷம் ஆகியிருந்தது. இவர் முறைத்துக்கொண்டு கல்யாணத்துக்குப் போகவில்லை. அன்றைக்கு நின்றது பேச்சு. ஆனால் மருமகன் தங்கமானவன். பெண்டாட்டிக்குத் தெரியாமல் மாமனாருக்குப் போன் போடுவான். ஒரு தை மாதம் அவன்தான் கேட்டான்.

"மாமா, செப்டம்பர் பொறந்ததும் இங்க வில் வேட்டை. துப்பாக்கிக்காரங்க வர்றதுக்கு முன்னாடி, வில் வச்சிருக்கிறவங்களுக்கு மட்டும். உங்க மகளும் வருவா. நீங்களும் விசா போட்டு வாங்க. காட்டுல யாரும் பேசக்கூடாது, அதனால சண்டையும் வராது."

அந்தக் கடைசி வார்த்தையில்தான் மனுஷன் விழுந்துவிட்டார். பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்தாலே போதும், மகள் மனசு இளகிவிடும் என்று நம்பினார். எனக்கும் அப்படித்தான் பட்டது.

வேட்டை எல்க் மானுக்கு. நம்ம கடமானுக்குப் பெரியப்பா மாதிரி, குதிரை உயரம் நிற்குமாம். அதற்கு வில் வளைக்கத் தோளில் பலம் வேண்டும். எங்கள் ஊரில் மாடிக்கு மாடி பால்கனியிலிருந்து தெருவுக்குக் கயிறு தொங்கும், கீரைக்காரி பையை மாட்டிவிட்டால் மேலே இழுத்துக்கொள்வோம். இவர் அதில் செங்கல் மூட்டையைக் கட்டினார். விடியற்காலையில் நான் பல் விளக்க ஜன்னலைத் திறந்தால், ஒரு கறுப்பு மூட்டை சத்தமில்லாமல் என் முகத்துக்கு நேரே மேலே ஏறும். கொஞ்ச நேரம் நிற்கும். அப்புறம் இறங்கும். முதல் நாள் பற்பசையை முழுங்கிவிட்டேன்.

பிறகு நடை. மானுக்குக் காலடி கேட்கக்கூடாதென்று வெறுங்காலில் குதிகால் படாமல் பழகினார். மார்க்கெட்டில் மீன் வாங்கிக்கொண்டிருப்பேன், பின்கழுத்து சில்லென்று ஆகும். திரும்பினால் நிற்பார்.

"எவ்வளவு நேரமா நிக்கிறீங்க அண்ணே?"

"நீ வெங்காயம் வாங்கினதுலேர்ந்து, தங்கச்சி."

உடம்பில் மனுஷ வாடை இருக்கக்கூடாதென்று ஙாப்பி மீன் விழுதை விட்டார். இந்த ஊரில் ஙாப்பியை விட்டவன் சாமியாராகத்தான் போக வேண்டும். சோப்பை விட்டுச் சோடா உப்பில் குளித்தார். வேட்டைச் சட்டை தைத்துத் தரச் சொன்னார். பட்டாளத்துக்காரர் மாதிரி பச்சையும் பழுப்பும் திட்டுத் திட்டான துணி இந்தக் காலத்தில் இந்த ஊரில் தைத்தாலும் வம்பு, உடுத்தினாலும் வம்பு. பழைய காப்பிக்கலர் லுங்கிகளைக் கிழித்துத் தைத்துக் கொடுத்தேன். போட்டுக்கொண்டு மாடிப்படி இருட்டில் நின்றார் என்றால் பல் மட்டும்தான் தெரியும்.

காற்று எந்தப் பக்கம் என்று பார்க்க வேட்டைக்காரர்கள் வாசமில்லாத தூளை ஊதிப் பார்ப்பார்களாம். இவர் பவுடர் டப்பாவில் தனக்காத் தூளை நிரப்பிக்கொண்டார். நாங்கள் பிறந்ததிலிருந்து கன்னத்தில் அரைத்துப் பூசுகிற கட்டைதானே, அதை ஒரு வாசம் என்று யாருக்குத் தோன்றும்? எனக்கும்தான் தோன்றவில்லை.

கூப்பாடுதான் உச்சம். ஆண் மான் கூப்பிடுவது போல பிளாஸ்டிக் குழாயில் ஊதுவார். அடித்தொண்டையில் ஆரம்பித்து, விசிலாக ஏறி, அழுகிற மாதிரி நீண்டு நிற்கும். தரைத்தள டோ கின் அம்மா முதல் நாளே புத்தருக்கு ஒன்பது மெழுகுவத்தி ஏற்றிவிட்டார்.

எல்லாம் சரி, ஒரு சந்தேகம் அவரைத் தூங்கவிடவில்லை. மருமகனிடம் கேட்டார், "அந்தக் காடு யாரோடது?"

"பொது நிலம் மாமா. எல்லாருக்கும் சொந்தம்."

"எல்லாருக்கும் சொந்தம்னா உத்தரவு யார்கிட்ட கேக்கிறது?"

பர்மாவில் நாட் என்கிற காவல் தெய்வம் இல்லாத காடு கிடையாது. உத்தரவு கேட்காமல் மரத்தடியில் ஒதுங்கக்கூட மாட்டோம். அங்கே போய்க் கேட்க அவருக்கு இங்கிலீஷ் வராது. அதனால் இங்கேயே கேட்டுவிடுவது என்று முடிவு செய்து, தேங்காய்த் தட்டைப் பிடிக்க என்னையும் கூட்டிக்கொண்டு விடிகாலை முதல் படகில் டாலாவுக்குக் கிளம்பினார்.

அக்கரையில் சைக்கா என்கிற சைக்கிள் ரிக்ஷாக்காரர் ஒருவர் எங்களை வயலோரம் இறக்கிவிட்டுக் காத்திருந்தார். பனி மூட்டத்தில் பத்தடிக்கு மேல் தெரியவில்லை. இவர் தேங்காயும் வாழைப்பழமும் வைத்து, தமிழில் ஒரு தடவை, பர்மியத்தில் ஒரு தடவை, "அமெரிக்கக் காட்டுக்குக் காவலா இருக்கிற ஐயா" என்று கூப்பிட்டுத் தன் பெயர், தெரு, ஆறாம் மாடி என்பது வரைக்கும் சொன்னார். மகள் பெயரையும் சொன்னார். அப்புறம் குழாயை எடுத்து ஊதினார்.

குரைத்துக்கொண்டிருந்த நாய்கள் நிறுத்திவிட்டன. பனிக்குள்ளிருந்து பதில் வந்தது.

அதே மாதிரி ஏறியது, ஆனால் இவர் மூச்சைவிட இரண்டு மடங்கு நீளம். கடைசியில் மூன்று இருமல். இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் ஒரு சின்ன இடைவெளி. எதிரொலி என்று சொல்ல அங்கே மலையா இருக்கிறது, டாலா தட்டை வயல். சைக்கா போகிற சத்தம் கேட்டது, ஆள் வாடகையைக்கூட வாங்கவில்லை. 

"உத்தரவு கெடச்சிருச்சு," என்றார் ஆறாம் மாடி.

படகில் வரும்போது, எருமையா இருக்கும் அண்ணே என்றேன். இரண்டு பேரும் அதை நம்பவில்லை.

நாட் கொடுத்த உத்தரவு போதவில்லை. விசா கிடைக்கவில்லை. மனுஷன் சட்டையை மடித்து வைத்தார். மறுநாள் மூட்டை ஏறவில்லை. வெறும் கயிறு தொங்குவதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. ஐந்து மாடியும் கேட்கிற மாதிரி அவரைத் திட்டினேன், அவர் கதவைத் திறக்கவில்லை.

செப்டம்பரில் மருமகன் என் போனுக்குக் கூப்பிட்டான். மலை மேலே சிக்னல் கிடைக்கிறதாம், போனிலேயே ஊதுங்கள் என்றான். அங்கே விடியல், இங்கே விளக்கு வைக்கிற நேரம். கரண்ட் இல்லை, அவர் போனில் சார்ஜும் இல்லை. என் போனை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்கு ஏறினோம். வேட்டைச் சட்டை போட்டிருந்தார். டப்பாவை எடுத்து ஒரு அமுக்கு அமுக்கினார்.

"மான் அங்க இருக்கு, காத்த ஏன் இங்க பாக்குறீங்க?"

"பழகிப்போச்சு தங்கச்சி."

தூள் ஆற்றுப் பக்கமாகப் போனது. "ஊதுங்க மாமா," என்று போனில் கிசுகிசுப்பு. ஊதினார்.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் போனுக்குள்ளிருந்து பதில் வந்தது. ஏறியது, நீண்டது, இருமியது. இரண்டு. இடைவெளி. மூன்று. அவர் என்னைப் பார்த்தார். நான் தண்ணீர்த் தொட்டியைப் பிடித்துக்கொண்டேன்.

அப்போதுதான் ஒரு பெண் குரல், காற்று மாதிரி:

"அப்பா, மூச்சு விடாதீங்க. பக்கத்துல வந்துடுச்சு."

பதினோரு வருஷத்தில் முதல் வார்த்தை. மனுஷன் நிஜமாகவே மூச்சைப் பிடித்துக்கொண்டார். கழுத்து நரம்பு புடைத்தது. போனில் கிளை முறிகிற சத்தம், தடதடவென்று ஓட்டம், பிறகு அமைதி.

"ஓடிப்போச்சு," என்றாள் மகள். இப்போது சாதாரணக் குரல். "அப்பா, நாங்க யாரும் பூசல. இங்க தனக்கா வாசம் எப்படி வருது?"

ஆறாம் மாடி கையிலிருந்த டப்பாவைப் பார்த்தார். போனுக்கு எட்டாமல் என்னிடம் கேட்டார், "இதுக்கு வாசம் இருக்கா தங்கச்சி?"

அந்தப் பக்கம் அவள் சிரித்தாள், சிரிப்பு நடுவில் அழுகையானது. "அப்பா, இருக்கீங்களா? இப்ப மூச்சு விடலாம்."

விட்டார். என் போன் சாகும்வரை பேசினார்கள்.

அடுத்த வருஷம் எப்படியோ விசா வந்தது, போய்விட்டார். வேறு யாரோ குடிவந்திருக்கிறார்கள். சத்தமே போடாத நல்ல மனிதர்கள், எனக்குப் பிடிக்கவில்லை. செப்டம்பர் பிறந்தால், விளக்கு வைக்கிற நேரத்தில் மொட்டை மாடிக்குப் போய், அவர் விட்டுப்போன டப்பாவை ஆற்றுப் பக்கம் பார்த்து ஒரு அமுக்கு அமுக்கிவிட்டு வருகிறேன். அண்ணனுக்கு அன்றைக்கு மான் தப்பினால் தப்பட்டும், தங்கச்சி இங்கேதான் இருக்கிறாள் என்று தெரிந்தால் போதும்.