தொட்டிச் சித்தரின் கறுப்புக் கல்

ஊரே மீன் தொட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடியது. தொட்டியைத் தூக்க முடியாதவர்கள் மீனைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு ஓடினார்கள். வாடகை மண்டபத்தில் தொட்டிச் சித்தர் எழுந்தருளியிருந்தார். சாகக் கிடக்கும் மீனை நீந்த வைப்பாராம். முட்டையிடாத மீனை முட்டையிட வைப்பாராம். இத்தனை பேரை ஒழுங்காக வரிசையில் நிற்க வைத்திருந்தாரே, அதுவே பெரிய அற்புதம்தான்.

குளிர் தொடங்கினால் வண்ண மீன்கள் சோர்ந்து மூலையில் ஒதுங்கும். சித்தர் அதற்குக் கண்ணேறு என்று பெயர் வைத்தார். மீனைப் பார்த்து யாருக்கு என்ன வயிற்றெரிச்சல் என்று ஒருவரும் கேட்கவில்லை.

பரிகாரமும் அவரிடமே விற்பனைக்கு இருந்தது. தண்ணீரில் போட ஒரு கறுப்புக் கல். கூடவே, தண்ணீருக்குள் இறக்கி வைக்க, வாயை மெழுகால் அடைத்த ஒரு மண்கலயம். அதிலிருந்து வரும் வயரைச் சுவர் பிளக்கில் சொருக வேண்டும்.

"கல்லு கண்ணேற உறிஞ்சும். கலயம் அத வயர் வழியா சுவத்துக்குள்ள தள்ளும். இருபத்தொரு நாள் யாரும் தண்ணியில கை வைக்கக் கூடாது" என்பார் சித்தர்.

கரண்ட் பில் எகிறியபோதுகூட மக்கள் கலங்கவில்லை. "அம்மாடி, எவ்வளவு கண்ணேறு இருந்திருக்கு!" என்று பெருமைப்பட்டார்கள்.

வீட்டிலேயே ஏஞ்சல் மீன் குஞ்சு பொரிக்கவைத்துக் கடைகளுக்குக் கொடுத்துப் பிழைக்கும் ஒருத்தியும் அந்தக் கூட்டத்தில் இருந்தாள். அவளிடம் மிஞ்சியது ஒரே ஜோடி. அதன் முட்டைகளும் வெள்ளையாகப் பூத்துக் கெட்டுப்போயின. கல்லும் கலயமும் வந்த பிறகு ஜோடி தெளிந்தது, முட்டை பொரிந்தது. உடனே சித்தர் அந்த ஜோடியையே காணிக்கையாகக் கேட்டார். கொடுக்காவிட்டால் கண்ணேறு இரட்டிப்பாகத் திரும்புமாம்.

அவள் ஜோடியை வாளியில் போட்டுக்கொண்டு கிளம்பினாள். கூடவே வந்தான் கொழுந்தன், ஃப்ரிட்ஜ் மெக்கானிக்.

"இதையும் குடுத்துட்டா எத வெச்சுப் பொழைப்பீங்க, அண்ணி?"

"குடுக்கலன்னா செத்துடுமே தம்பி. கல்லாலதான் உசுரோட இருக்கு."

"கல்லாலயா, கலயத்தாலயா? கேட்டுடுவோம்."

மண்டபத்தில் அவன் இரண்டு சிறிய வாளிகளில் ஒரே குழாய்த் தண்ணீரைப் பிடித்து வைத்தான். "சாமி, ஒண்ணுல கல்லப் போடுங்க. இன்னொண்ணுல கலயத்த வைங்க. அர மணி நேரம் போதும்."

"வாளித் தண்ணிக்குக் கண்ணேறு ஏதுப்பா?" என்றார் சித்தர்.

"அப்ப கலயத்துக்கு வேலையே இருக்காதே. சும்மாதானே கெடக்கும், வைங்க."

சித்தர் நெளிந்தார். பக்தர்கள் விடவில்லை. "வைங்க சாமி, அவன் மூக்க உடைங்க!" என்று அவர்களே வயரைச் சொருகினார்கள். பக்தர்கள் செய்த ஒரே நல்ல காரியம் அது.

அரை மணி நேரம் கழித்து மெக்கானிக் தெர்மாமீட்டரை நீட்டினான். கல் போட்ட வாளியில் இருபத்திரண்டு டிகிரி, குழாயில் வந்தபடியே. கலயம் வைத்த வாளியில் இருபத்தெட்டு. பிளக்கைப் பிடுங்கினான், கலயத்தை ஸ்பேனரால் ஒரு தட்டுத் தட்டினான். உள்ளே கண்ணாடிக் குழாய் ஹீட்டர். எந்த மீன் கடையிலும் கிடைப்பது.

"இந்த மீனுங்களுக்கு இருபத்தாறு, இருபத்தெட்டு டிகிரி வேணும். குளிர்ல தண்ணி ஆறிப்போச்சு, அதான் நோவு. கை வெச்சா வெதுவெதுப்பு தெரிஞ்சிடும்னுதான் கை வைக்காதேன்னாரு."

அண்ணிக்கு முதலில் வெட்கம் வந்தது, பின்னாலேயே ஆத்திரம். "என் பொழப்பையே கேட்டியே!" என்று மீன் வாளியை மார்போடு அணைத்துக்கொண்டு சித்தர் பக்கம் திரும்பினாள். அவர் அதற்குள் பின்வாசல் வழியாக மாயமாகியிருந்தார். அன்று அவர் செய்த உண்மையான அற்புதம் அது ஒன்றுதான்.

கூட்டம் பின்வாசலை எட்டிப் பார்த்தது. பிறகு மெக்கானிக்கை மொய்த்துக்கொண்டது. ஓர் அம்மாள் தெர்மாமீட்டரைக் காட்டியபடி மீன் பையை அவன் முன் நீட்டினார்.

"ராசியான கை தம்பி உனக்கு! உன் கையால அந்தக் குச்சிய இதுல ஒரு தடவ வெச்சுடு, மீனு பொழச்சுக்கும்."

அவருக்குப் பின்னால் அதற்குள் இன்னொரு வரிசை நீண்டிருந்தது.

அண்ணிதான் குறுக்கே வந்து நின்றாள். "அவன் கையில ஒண்ணும் இல்லம்மா. உங்க கழுத்துக்கு மேல ஒண்ணு இருக்கு பாருங்க, மொதல்ல அதுக்கு வேல குடுங்க!"