மாட்டுக் கொழுப்பும் றஞ்சிதத்தின் கையும்

அரிப்பு
24.11.2011

என் அன்புத் தங்கச்சி மதலேனாவுக்கு, அண்ணன் எமிலியானுஸ் தன் சொந்தக் கையால் எழுதிக்கொள்வது.

முதலில் என் எழுத்தைப் பொறுத்துக்கொள். கோவில் மண்டபத்தில் சிஸ்ரர் நடத்தும் பெரியாட்கள் வகுப்பில் ஐந்து மாதமாகப் படிக்கிறேன். எழுத்து கோட்டை விட்டுக் கீழே இறங்கினால் அங்கே கொஞ்சம் நின்று வாசி, நான் திரும்பி ஏறி வந்துவிடுவேன். இதை எழுத இரண்டு நாள் பிடித்தது. நானும் உன் மச்சாள் றஞ்சிதமும் மாதாவின் தயவில் சுகம். இந்தியாவில் மண்டபம் அகதி முகாமில் நீயும் சுகமாக இருக்க வேண்டும்.

உன் பேத்தியின் ஞானஸ்நானம் போன ஞாயிறு நடந்தது. ஊர் திரும்பும் கடுதாசி அலுவல் முடியாமல் நீ வர ஏலாமல் போனபடியால், "அம்மா ஏந்த வேண்டிய பிள்ளை, மாமிதான் ஏந்தவேணும்" என்று உன் மகன் ஜஸ்ரின் றஞ்சிதத்தை ஞானத்தாயாகக் கேட்டிருந்தான். அவளுக்குச் சந்தோசம் தாங்கவில்லை, ஓடிப்போய்ப் பிள்ளையைத் தூக்கினாள், தூக்கின உடனே பிள்ளை வீரிட்டுக் கத்தினது. மீளக் குடியேறி வந்த நாளிலிருந்து உப்பிலும் கருவாட்டிலும் கிடந்து அவளுடைய கை வெடித்து அரம் மாதிரி ஆகிவிட்டது உனக்குத் தெரியாது. பிள்ளையின் முதுகில் சிவப்புக் கோடு. உன் மருமகள் மதுஷிகா "பரவாயில்லை மாமி" என்றுதான் சொன்னாள். இவள் கேட்டால்தானே! "இந்தக் கையால நான் பிள்ளையைத் தொடமாட்டன், வேற ஆளைப் பாருங்கோ" என்று சொல்லிவிட்டு வந்து, கையைச் சேலைக்குள் ஒளித்துக்கொண்டு மூலையில் இருந்துவிட்டாள். ஞானஸ்நானத்துக்கு இரண்டு கிழமைதான் இருந்தது.

அப்பதான் ஹஜ்ஜுப் பெருநாள் வந்தது. பக்கத்து வளவு ஆசியா உம்மாவை நினைவிருக்கா? அவவும் புத்தளத்தால திரும்பி வந்திட்டா. குர்பான் இறைச்சியில் எங்கள் பங்கைக் கொண்டு வந்தவ, றஞ்சிதத்தின் கையைக் கண்டுவிட்டுத் திரும்பப் போய் ஒரு பொட்டலம் மாட்டுக் கொழுப்பும் கொண்டு வந்தா. "இத உருக்கி வடிச்சு ஆறவிட்டுப் பூசுங்க, கடைக் கிரீம் கிட்ட வராது. ஆனா புதுச் சட்டி எடுங்க" என்றா. புதுச் சட்டிக்கு நான் எங்கே போறது? கறிச்சட்டியைத் தொட்டால் கையை முறிப்பேன் என்று உன் மச்சாள் சொல்லிவிட்டாள். வள்ளத்துக்குப் பூசச் சுறா எண்ணெய் காய்ச்சிற என்ர பழைய தகரம் ஒன்று கிடந்தது. மண் போட்டுத் தேய்ச்சுக் கழுவி, மணந்து பார்த்தன், ஒரு மணமும் இல்லை. நாற்பது வருசம் கடலில் கிடந்த மூக்கால் மணக்கிறன் என்பதை நான் யோசிக்கவில்லை. கொழுப்பைச் சின்னச் சின்னனாக வெட்டி, மெல்லிய நெருப்பில் அரை நாள் உருக்கி, துணியில் வடித்து, ஆறினதும் மத்தால் அடித்தேன். வெள்ளை வெளேரென்று வெண்ணெய் மாதிரித் திரண்டு வந்தது, இரண்டு ஜாம் போத்தல் நிறைந்தது. "தாங்கோ, நானே பூசுறன்" என்று றஞ்சிதம் ஒன்றை வாங்கிக்கொண்டாள். ஐந்தாம் நாள் அவள் கையைத் தொட்டுப் பார்த்தேன். பட்டு! அவளும் "சரி, நான் ஏந்துறன்" என்றாள். அந்தச் சந்தோசத்தில் மற்றப் போத்தலை என் முகத்திலும் குதிக்காலிலும் தேய்த்துக்கொண்டேன்.

ஞாயிறு கோவிலுக்கு நடந்து போனால், பின்னால் ஏழு பூனை. கல்லெறிந்தும் போகவில்லை. வழியில் நின்ற ஆசியா உம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு, "எமிலியானுஸ், நான் தந்தது மாடு. நீங்க என்ன, சுறாவைப் பூசிட்டு வாறீங்க?" என்றா. "சாத்தானை விட்டுவிடுகிறீர்களா?" என்று சுவாமி கேட்க, எங்கட ஆட்கள் வாய் திறக்க முதல் ஒரு பூனை "மியாவ்" என்றது. சுவாமியே சிரித்துப்போட்டார். ஆனால் மதலேனா, தலையில் தண்ணீர் ஊற்றியும் உன் பேத்தி அழவில்லை. உன் மச்சாளின் பெருவிரலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக் கிடந்தாள். எல்லாம் என் கொழுப்பின் குணம். மிஞ்சினதில் உனக்கும் ஒரு போத்தல், இந்தியா போகும் ஆளிடம் கொடுத்துவிடுகிறேன்.

மடு மாதா உன்னைக் காத்து, உன் பேத்தியிடம் கொண்டு வந்து சேர்க்கட்டும்.

இப்படிக்கு
உன் அண்ணன்
எமிலியானுஸ்

பி.கு.: இதை றஞ்சிதத்துக்கு வாசித்துக் காட்டினேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். "உங்கட மருந்தை முதல் நாளே சவுக்காரம் போட்டுக் கழுவிப்போட்டன். பூனையள் வந்தது உங்களுக்குப் பின்னால" என்கிறாள். "அப்ப கை பட்டு மாதிரி இருந்ததே?" என்று கேட்டேன். "உங்கட கைக்கு மரக்கட்டையும் பட்டுத்தான்." மதுஷிகாவைக் கூப்பிட்டுத் தொடச் சொன்னேன். "மாமா, அரமேதான்" என்கிறாள். பிறகு ஏன் ஏந்தச் சம்மதித்தாய் என்றால், "எனக்காக அரை நாள் புகைக்குள்ள இருந்து கண்ணைக் கசக்கினீங்கள். பிறகு எப்பிடி மாட்டன் எண்டு சொல்லுறது? துவாயால சுத்தித்தான் பிள்ளையைத் தூக்கினனான். விரலை அவளாத்தான் பிடிச்சவள். குத்தும் எண்டு இழுத்துப் பார்த்தன், விடயில்லை" என்கிறாள். ஆகவே போத்தல் வராது, அதை வள்ளத்துக்குப் பூசிவிடுகிறேன். அடுத்த கிழமை எழுதும் கடிதத்தை ஒட்டிப்போட்டுத்தான் இவளுக்குக் காட்டுவேன்.